ஜாவா ஜெனரிக் கிளாஸில் ஈக்வல்ஸ் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவா கற்றுக்கொள்கிறவர்களும், வேலையில் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். ஈக்வல்ஸ் என்பது இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று சொல்லும் மெத்தட். ஜெனரிக் கிளாஸ் என்பது உள்ளே வைக்கும் மதிப்பின் வகையைப் பயன்படுத்துபவரே சொல்லும்படி விட்டுவைத்த கிளாஸ். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்: ஜோடி<ஏ, பி> என்று ஒரு கிளாஸ், அதில் ஏ வகையில் "முதல்", பி வகையில் "அடுத்தது" என்று இரண்டு ஃபீல்டுகள். சில இடங்களில் ஒரே ஒரு மதிப்பை வைக்கும் பெட்டி<டி> வரும். ஜாவாவில் கிளாஸுக்கும் ஃபீல்டுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். கீவேர்டுகளை மட்டும் நீங்கள் எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ள வேண்டும்.

1. ரெண்டு ஜோடியிலயும் அதே மதிப்புதான் இருக்கு. ஈக்வல்ஸ் கூப்பிட்டா ஏன் ஃபால்ஸ் வருது?

நீங்கள் ஈக்வல்ஸ் எழுதவில்லை என்றால் ஆப்ஜெக்ட் கிளாஸில் இருக்கும் ஈக்வல்ஸ்தான் ஓடும். அது உள்ளே செய்வது வெறும் == தான்: இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. இரண்டு முறை நியூ போட்டிருந்தால் இரண்டும் வேறு வேறுதான். உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிட வேண்டுமென்றால் அந்த மெத்தடை நாம் ஓவர்ரைட் (override) செய்ய வேண்டும், அதாவது நம் கிளாஸில் அதை மாற்றி எழுத வேண்டும்.

2. பெட்டி<டி>ல ஈக்வல்ஸ் எழுதி, உள்ள மதிப்பை == போட்டு ஒப்பிட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். லைவ்ல மட்டும் சொதப்புது. ஏன்?

டெஸ்டில் 5, 10, 100 என்று சின்ன எண்களாகக் கொடுத்திருப்பீர்கள். டி என்பது எப்போதும் ஆப்ஜெக்ட் வகை. அதனால் இன்ட் மதிப்பைப் பெட்டிக்குள் போட்டால் அது இன்டிஜர் ஆப்ஜெக்டாக மாறிவிடும். -128 முதல் 127 வரையான இன்டிஜர்களை ஜாவா முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் கேட்கும்போதெல்லாம் அதே ஆப்ஜெக்டையே எடுத்துத் தரும், அதனால் == ட்ரூ சொல்லும். 128 வந்ததும் பொதுவாக ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட், உடனே ஃபால்ஸ்.

ஜெனரிக் கிளாஸுக்குள் டி வகை மதிப்பை ஒப்பிட == போடவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங்கிலும் இதே கூத்துதான்: கோடில் நேரடியாக எழுதிய ஸ்ட்ரிங்குகள் பகிரப்படுவதால் டெஸ்டில் தேறிவிடும், டேட்டாபேஸிலிருந்து வந்த ஸ்ட்ரிங்கில் மாட்டிக்கொள்ளும்.

3. ஈக்வல்ஸ்(ஜோடி<ஏ, பி> மற்றது)னு எழுதினேன். நேரா கூப்பிட்டா ட்ரூ. லிஸ்ட்ல கன்டெய்ன்ஸ் கேட்டா "இல்லை"ங்குது!

இது ஓவர்ரைட் இல்லை, ஓவர்லோட். ஆப்ஜெக்ட் கிளாஸில் இருக்கும் மெத்தட் ஈக்வல்ஸ்(ஆப்ஜெக்ட்). நீங்கள் அதே பெயரில் வேறு அளபுருவோடு (மெத்தட் அடைப்புக்குறிக்குள் வாங்குவது) இன்னொரு மெத்தடைப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள், பழையது அப்படியே இருக்கிறது. எதைக் கூப்பிடுவது என்று கம்பைலர் முடிவு செய்வது வேரியபிளின் அறிவிக்கப்பட்ட வகையைப் பார்த்து. உங்கள் கோடில் வேரியபிள் ஜோடி வகை, அதனால் உங்கள் மெத்தட் ஓடியது. லிஸ்ட்டுக்கு உங்கள் ஜோடியைப் பற்றி எதுவும் தெரியாது. அது ஈக்வல்ஸ்(ஆப்ஜெக்ட்) ஒன்றைத்தான் கூப்பிடும்.

மேலே @ஓவர்ரைடு என்று ஒரு வரி போட்டிருந்தால் கம்பைலரே பிடித்துக் கொடுத்திருக்கும். இந்தத் தவறைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தவர்களை நான் பார்த்ததில்லை. கோடைப் படித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், அதுதான் தொல்லை.

4. சரி, பெட்டில ஈக்வல்ஸ்(டி மற்றது)ன்னு எழுதிப் பாத்தேன். கம்பைலரே ஏதோ "மோதல்"னு திட்டுது. அது ஏன்?

முந்தைய கேள்வியில் கம்பைலர் சும்மா இருந்தது, இங்கே திட்டுகிறது. வித்தியாசத்துக்குக் காரணம் இரேஷர். கம்பைல் ஆனதும் டி என்ற பெயர் அழிந்து, அந்த இடத்தில் ஆப்ஜெக்ட் வந்து உட்காரும். ஆக உங்கள் மெத்தடும் ஈக்வல்ஸ்(ஆப்ஜெக்ட்) ஆகிவிடும், பரம்பரையாக வந்ததும் ஈக்வல்ஸ்(ஆப்ஜெக்ட்). ஆனால் மொழியின் விதிப்படி டி-யும் ஆப்ஜெக்டும் வேறு வேறு, அதனால் ஒன்று மற்றொன்றை ஓவர்ரைட் செய்வதாகவும் ஆகாது. ஒரே கிளாஸில் அழிந்தபின் ஒரே முகம் கொண்ட இரண்டு மெத்தட்! கம்பைலர் கையை விரித்துவிடுகிறது.

உண்மையில் இந்தப் பிழை உங்களுக்கு உதவிதான். டி-க்கு எல்லை கொடுத்திருந்தால், அதாவது டி எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர் என்று இருந்தால், டி அழிந்து நம்பர் ஆகும். அப்போது மோதலே இல்லை. சத்தமில்லாமல் கேள்வி 3-இன் குழியில் விழுந்திருப்பீர்கள்.

5. இன்ஸ்டன்ஸ்ஆஃப் ஜோடி<ஏ, பி>ன்னு கேக்க விடமாட்டேங்குதே. பிறகு எப்படித்தான் சரிபார்க்கிறது?

ஜெனரிக்ஸ் ஜாவாவுக்கு வந்தது 2004-இல், ஜாவா 5-உடன். அதற்குள் உலகம் முழுக்கப் பழைய ஜாவா கோடு மலைபோல் குவிந்திருந்தது. அதை உடைக்காமல் இருக்க, வகை அளபுருக்களைக் கம்பைலரோடு நிறுத்திக்கொண்டு, ரன்டைமுக்கு அனுப்பாமல் விட்டார்கள். சமையலறை டப்பாக்களின் மேல் "உப்பு", "சீனி" என்று ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்ட மாதிரி. இனி திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஓடும்போது ஒரு ஆப்ஜெக்டைப் பார்த்து "நீ ஜோடியா?" என்று கேட்கலாம். "நீ ஸ்ட்ரிங்கும் இன்டிஜரும் வைத்த ஜோடியா?" என்று கேட்க வழியில்லை.

அதனால் "எந்த வகையானாலும் சரி" என்று பொருள்படும் கேள்விக்குறி வைல்டுகார்டு போட்டுக் கேட்கிறோம். முழு மெத்தட் இதுதான்:

@ஓவர்ரைடு
பப்ளிக் பூலியன் ஈக்வல்ஸ்(ஆப்ஜெக்ட் மற்றது) {
  இஃப் (திஸ் == மற்றது) ரிட்டர்ன் ட்ரூ;
  இஃப் (!(மற்றது இன்ஸ்டன்ஸ்ஆஃப் ஜோடி<?, ?> ஜோ)) ரிட்டர்ன் ஃபால்ஸ்;
  ரிட்டர்ன் ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ்(முதல், ஜோ.முதல்)
    && ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ்(அடுத்தது, ஜோ.அடுத்தது);
}

இன்ஸ்டன்ஸ்ஆஃப் வரியிலேயே "ஜோ" என்று பெயர் வைப்பது ஜாவா 16 முதல் செல்லும். பழைய பதிப்பில் இருப்பவர்கள் அடுத்த வரியில் ஜோடி<?, ?> ஆகக் காஸ்ட் செய்துகொள்ளுங்கள். அந்தக் காஸ்டுக்கு வார்னிங் வராது. கேள்விக்குறி எதுவும் போடாமல் வெறும் ஜோடி என்றும் எழுதலாம், ஓடுவதில் வித்தியாசமில்லை. ஆனால் அது ரா டைப், அதாவது வகை அளபுரு இல்லாமல் எழுதிய ஜெனரிக் வகை. அதைத் தொட்டதும் வார்னிங் வரிசைகட்டும்.

6. ஜோடி<ஏ, பி>ன்னே காஸ்ட் பண்ணிட்டு, வார்னிங்கை அடக்கிட்டா போதாதா? வேலை செய்யுதே.

வேலை செய்யும். ஆனால் அந்தக் காஸ்ட் எதையும் சரிபார்ப்பதில்லை. ஏ-யும் பி-யும் ரன்டைமில் இல்லாதபோது எதை வைத்துச் சரிபார்க்கும்? ஜோடிதானா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும். "வகை சரிபார்த்துவிட்டேன்" என்ற பொய் நம்பிக்கைதான் மிச்சம். தேவையும் இல்லை: ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் எந்த ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும், ஜோ.முதல் என்ன வகை என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

வார்னிங்கை அடக்கும் வரியை ஈக்வல்ஸ் தலையில் பார்த்தாலே நான் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

7. நேரா முதல்.ஈக்வல்ஸ்(ஜோ.முதல்)ன்னு எழுதினா என்ன?

முதல் நல் (null, எந்த ஆப்ஜெக்டும் இல்லை) ஆக இருந்தால் நல்பாயின்டர் எக்செப்ஷன். ஜாவா 7-இல் வந்த ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் இரண்டும் நல் என்றால் ட்ரூ, ஒன்று மட்டும் நல் என்றால் ஃபால்ஸ் சொல்லும். கன்ஸ்ட்ரக்டரிலேயே நல்லை மறுத்துவிட்டீர்கள் என்றால் நேராக எழுதலாம். மற்றது என்பதே நல் ஆக வந்தால் கவலையில்லை, நல்லுக்கு இன்ஸ்டன்ஸ்ஆஃப் எப்போதும் ஃபால்ஸ்தான்.

8. அப்போ ஜோடி<ஸ்ட்ரிங், இன்டிஜர்>ம் ஜோடி<ஸ்ட்ரிங், லாங்>ம் சமம்னு ஆயிடுமே! இது தப்பில்லையா?

பெரும்பாலும் ஆகாது. ஒன்றில் இன்டிஜர் 1, மற்றதில் லாங் 1 இருந்தால் இன்டிஜரின் ஈக்வல்ஸ் லாங்கைப் பார்த்ததும் ஃபால்ஸ் சொல்லிவிடும். நம் ஜோடி எதுவும் செய்யாமலே வகை வேறுபாடு உள்ளிருந்து வெளிவந்துவிடுகிறது. ஜெனரிக் கிளாஸின் ஈக்வல்ஸ் உள்ளே இருப்பவர்களிடம் கேட்டுச் சொன்னால் போதும், தன் புத்தியை நுழைக்கக் கூடாது.

உள்ளே ஆள் இல்லாதபோதுதான் சிக்கல். இரண்டு ஃபீல்டும் நல் என்றால் இரண்டு ஜோடிகளும் சமம்தான். ஜாவாவின் சொந்த லிஸ்ட்டும் இப்படியே: காலியான அரேலிஸ்ட்<ஸ்ட்ரிங்>கும் காலியான அரேலிஸ்ட்<இன்டிஜர்>ம் சமம் என்று ஈக்வல்ஸ் சொல்லும். இது பிழையில்லை. இரண்டும் காலி, ஓடும்போது அவற்றைப் பிரித்துச் சொல்ல எதுவுமே இல்லை.

9. இல்லை, எனக்கு வகையும் ஒத்துப்போனால்தான் சமம்னு வேணும். வழி இருக்கா?

இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டரில் கிளாஸ்<டி> ஒன்றை வாங்கி ஃபீல்டாக வைத்துக்கொண்டு, அதையும் ஈக்வல்ஸில் ஒப்பிடுங்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டி செய்யும்போதும் ஸ்ட்ரிங்.கிளாஸ் என்று கூடவே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். உள்ளே லிஸ்ட்<ஸ்ட்ரிங்> வைத்தால் அதுவும் உதவாது, ஏனென்றால் லிஸ்ட்.கிளாஸ் ஒன்றுதான் உண்டு, லிஸ்ட்<ஸ்ட்ரிங்>.கிளாஸ் என்று எழுதவே முடியாது.

கெட்கிளாஸ் போட்டால் வகை தெரிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தெரியாது. எல்லா ஜோடிகளுக்கும் கெட்கிளாஸ் தருவது ஒரே கிளாஸ் ஆப்ஜெக்டைத்தான்.

10. ஹேஷ்கோடும் எழுதியே ஆகணுமா? நான் ஹேஷ்மேப்பே பயன்படுத்தலையே.

நீங்கள் பயன்படுத்தவில்லை, சரி. உங்கள் கிளாஸை எடுத்துக்கொள்பவர் பயன்படுத்துவார். ஹேஷ்கோட் என்பது ஆப்ஜெக்டுக்கு ஒரு முழு எண்ணைத் தரும் மெத்தட். ஈக்வல்ஸ் சமம் என்று சொன்ன இரண்டுக்கும் ஒரே ஹேஷ்கோட் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஹேஷ்செட் முதலில் ஹேஷ்கோடை வைத்து எந்த அறை என்று முடிவு செய்து, அந்த அறைக்குள் மட்டுமே ஈக்வல்ஸைக் கேட்கும். ஹேஷ்கோட் எழுதாவிட்டால் சமமான இரண்டு ஜோடிகளும் செட்டுக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும்.

எழுதுவது ஒரே வரி: ஆப்ஜெக்ட்ஸ்.ஹேஷ்(முதல், அடுத்தது). அது 1-இல் தொடங்கி, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் இதுவரை வந்ததை 31-ஆல் பெருக்கி அந்த ஃபீல்டின் ஹேஷைக் கூட்டும், நல்லுக்கு 0. (1, 2) என்ற ஜோடிக்கு 31 × 32 + 2, அதாவது 994. (2, 1)-க்கு 31 × 33 + 1, அதாவது 1024. வரிசை மாறினால் எண் மாறுகிறது, நமக்கு அதுதான் வேண்டும். சிலர் இரண்டு ஹேஷையும் எக்ஸார் (பிட்டுகள் வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0) செய்துவிடுவார்கள். அப்போது (1, 2)-க்கும் 3, (2, 1)-க்கும் 3; (7, 7), (8, 8) போன்றவை எல்லாமே 0. தவறு என்று சொல்ல முடியாது, மேப் மட்டும் மந்தமாகும்.

11. என் ஜோடியில வரிசை முக்கியமில்லை. சென்னை–மதுரையும் மதுரை–சென்னையும் ஒண்ணுதான். அப்ப?

அப்போது இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும், கிளாஸை ஒரே டி-யுடன் அறிவியுங்கள். ஈக்வல்ஸில் நேராகப் பொருந்துகிறதா அல்லது மாற்றி வைத்தால் பொருந்துகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

பலர் இங்கே ஹேஷ்கோடை மறந்துவிடுவார்கள். முந்தைய பதிலில் சொன்ன ஆப்ஜெக்ட்ஸ்.ஹேஷ் வரிசையைப் பார்ப்பதால் ஒப்பந்தம் உடையும். இரண்டு ஹேஷையும் வெறுமனே கூட்டிவிடுங்கள். ஜாவாவின் செட்டும் தன் உறுப்புகளின் ஹேஷைக் கூட்டித்தான் ஹேஷ்கோட் தருகிறது.

12. இன்ஸ்டன்ஸ்ஆஃப்பா, கெட்கிளாஸா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இந்தச் சண்டை சப்கிளாஸ் வந்தால்தான். ஜோடியை எக்ஸ்டெண்ட் செய்து, கூடவே ஒரு "பெயர்" ஃபீல்டையும் சேர்த்து, பெயர்ஜோடி என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். அவர் தன் ஈக்வல்ஸில் பெயரையும் பார்க்கிறார். இப்போது ஜோடியிடம் "இந்தப் பெயர்ஜோடி உனக்குச் சமமா?" என்று கேட்டால் ட்ரூ, பெயர்ஜோடியிடம் திருப்பிக் கேட்டால் ஃபால்ஸ். அ ஆ-வுக்குச் சமம் என்றால் ஆ-வும் அ-வுக்குச் சமமாக வேண்டும் என்ற விதி போயிற்று. சரி, வெறும் ஜோடியோடு ஒப்பிடும்போது பெயரை விட்டுவிடலாம் என்று ஒட்டுப் போட்டால் அடுத்த விதி உடையும்: "ராமு" (1, 2)-உம் வெறும் (1, 2)-உம் சமம், வெறும் (1, 2)-உம் "சோமு" (1, 2)-உம் சமம், ஆனால் ராமுவும் சோமுவும் சமமில்லை.

ஜாவாவுக்குள்ளேயே இந்தப் புண் இருக்கிறது. எஸ்க்யூஎல் பேக்கேஜில் இருக்கும் டைம்ஸ்டாம்ப், யூட்டில் பேக்கேஜின் டேட்டை எக்ஸ்டெண்ட் செய்கிறது. டேட்டிடம் கேட்டால் சமம் என்று சொல்லக்கூடும். டைம்ஸ்டாம்ப் ஒருபோதும் வெறும் டேட்டைச் சமம் என்று சொல்லாது. இரண்டையும் ஒரே கலெக்ஷனில் கலந்தால் என்ன வரும் என்பது யாரிடம் முதலில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

கெட்கிளாஸ் போட்டால் இந்த நோய் தீரும், வேறொன்று வரும். புதிதாக எந்த ஃபீல்டும் சேர்க்காத சப்கிளாஸ்கூட அந்நியமாகிவிடும். டேட்டாபேஸ் வரிகளை ஆப்ஜெக்டாக்கித் தரும் ஹைபர்னேட் போன்றவை ஓடும்போது உங்கள் கிளாஸுக்கு ப்ராக்ஸி சப்கிளாஸ் (அதன் இடத்தில் நிற்கும் பதிலி) உருவாக்கித் தரும்; அப்போது டேட்டாபேஸின் ஒரே வரி இரண்டு உருவில் வந்து "சமமில்லை" என்று நிற்கும். என் விருப்பம்: ஜோடி மாதிரி மதிப்பைச் சுமக்கும் கிளாஸை ஃபைனல் ஆக்கிவிட்டு இன்ஸ்டன்ஸ்ஆஃப் போடுங்கள். சப்கிளாஸே வராது, சண்டையும் வராது. பெயர் வேண்டுமென்றால் ஒரு ஜோடியையும் ஒரு பெயரையும் ஃபீல்டாக வைத்த தனிக் கிளாஸ் எழுதிக்கொள்ளலாம்.

13. பெட்டிக்குள்ள டி[] வச்சிருக்கேன். ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் ஃபால்ஸ் தருதே?

அரேக்கள் ஈக்வல்ஸை ஓவர்ரைட் செய்வதில்லை, கேள்வி 1-இல் பார்த்த == நடத்தைதான் அவற்றுக்கு. அரேஸ்.ஈக்வல்ஸ், அரேஸ்.ஹேஷ்கோட் இரண்டையும் ஜோடியாகப் பயன்படுத்துங்கள். அரேக்குள் அரே என்றால் டீப்ஈக்வல்ஸ், டீப்ஹேஷ்கோட். இன்னும் நல்லது, அரேயை விட்டுவிட்டு லிஸ்ட்<டி> வைப்பது. டி[] உருவாக்குவதே ஜாவாவில் தலைவலி.

14. ரெக்கார்டு போட்டா இதெல்லாம் தானா வந்துடுமே, நாம ஏன் எழுதணும்?

நியாயமான கேள்வி. ஜாவா 16 முதல் ரெக்கார்டு முழு அந்தஸ்தோடு இருக்கிறது. ஜோடி<ஏ, பி> ரெக்கார்டாக ஒரே வரியில் முடிந்துவிடும், ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் கிடைக்கும். ரெக்கார்டு எப்போதும் ஃபைனல் என்பதால் கேள்வி 12-உம் காலி. புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் ரெக்கார்டே போடுங்கள்.

அரே ஃபீல்டு இருந்தால் மட்டும் கேள்வி 13-இன் தொல்லை அப்படியே தொடரும். கேள்வி 11 மாதிரி வரிசை பார்க்காத சமம் வேண்டுமென்றாலும் கையால்தான் எழுத வேண்டும்.

15. செட்<லாங்>ல 5 இருக்கு. கன்டெய்ன்ஸ்(5) கேட்டா இல்லைங்குது. பிழையும் காட்டலை.

கன்டெய்ன்ஸ் வாங்குவது டி இல்லை, ஆப்ஜெக்ட். அதனால் கம்பைலர் எதையும் விட்டுவிடும். நீங்கள் கொடுத்த 5 இன்டிஜராகிறது, உள்ளே இருப்பது லாங், கேள்வி 8-இல் சொன்னபடி இரண்டும் சமமில்லை. மேப்பின் கெட்டும் இப்படித்தான், சத்தமில்லாமல் நல் தரும். எண்ணுக்குப் பின்னால் எல் எழுத்தைச் சேர்த்து லாங்காகக் கொடுங்கள்.

16. பிக்டெசிமல் 2.0-வும் 2.00-வும் என் பெட்டியில சமமாக மாட்டேங்குது. பெட்டில கம்பேர்டூ போட்டுடலாமா?

வேண்டாம். பிக்டெசிமலின் ஈக்வல்ஸ் தசம இடங்களின் எண்ணிக்கையையும் பார்க்கும், அதனால் 2.0-வும் 2.00-வும் வேறு. கம்பேர்டூவுக்கு இரண்டும் ஒன்று. இந்த இரண்டையும் ஹேஷ்செட்டில் போட்டால் 2 உறுப்பு, ட்ரீசெட்டில் போட்டால் 1 உறுப்பு, ஏனென்றால் ட்ரீசெட் ஈக்வல்ஸைக் கேட்பதே இல்லை. பெட்டிக்குள் கம்பேர்டூ புகுந்தால் ஈக்வல்ஸ் சமம் என்று சொல்லும், ஹேஷ்கோட் வேறு எண் தரும். கேள்வி 10-இன் ஒப்பந்தம் போயிற்று. பெட்டியில் போடுவதற்கு முன்பே ஸ்ட்ரிப்ட்ரெய்லிங்ஜீரோஸ் போட்டுக் கடைசிச் சுழிகளை நீக்கிவிடுங்கள்.

17. மேப்ல கீயா போட்ட ஜோடியைப் பிறகு மாத்தினேன். இப்ப அதைத் தேடினா கிடைக்கலை, ஆனா கீசெட்டைப் பிரிண்ட் பண்ணா தெரியுது!

ஹேஷ் மாறிவிட்டது, ஜோடி இன்னும் பழைய அறையிலேயே இருக்கிறது. ஃபீல்டுகளை ஃபைனல் ஆக்குங்கள். ஜெனரிக்கில் ஒரு கூடுதல் வம்பு: ஜோடி மாறாவிட்டாலும், ஏ என்பது அரேலிஸ்ட்டாக இருந்து அதில் யாராவது ஆட் செய்தால் ஜோடியின் ஹேஷும் மாறிவிடும். ஏ மாறாத வகையாக இருக்க வேண்டும் என்று ஜாவாவில் கட்டாயப்படுத்த முடியாது, ஆவணக் குறிப்பில் எழுதி வைக்கலாம்.

18. சி ஷார்ப், கோட்லின்லயும் இதே கதைதானா?

கோட்லின் ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) ஓடும்போது அங்கேயும் இரேஷர் உண்டு. கேள்விக்குறிக்குப் பதில் நட்சத்திரம் போட்டு ஜோடி<*, *> என்று கேட்க வேண்டும். == எழுதினாலே ஈக்வல்ஸ்தான் ஓடும் என்பது பெரிய நிம்மதி. ரெக்கார்டுக்கு இணையாக டேட்டா கிளாஸ் இருக்கிறது.

சி ஷார்ப் வேறு ரகம். அங்கே வகை அளபுருக்கள் ரன்டைமிலும் உயிரோடு இருக்கும், ஜோடி<ஏ, பி>தானா என்று நேரடியாகவே கேட்கலாம். ஈக்வல்ஸ்(ஜோடி<ஏ, பி>) என்று எழுதுவது ஜாவாவில் தவறு என்று கேள்வி 3-இல் பார்த்தோம். சி ஷார்ப்பில் அதற்கென்றே ஐஈக்வட்டபிள்<டி> என்று இன்டர்ஃபேஸ் வைத்திருக்கிறார்கள், டிக்ஷனரி போன்றவை அதைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தும். ஆப்ஜெக்டை வாங்கும் ஈக்வல்ஸையும் கூடவே ஓவர்ரைட் செய்ய வேண்டும். ஜாவாவிலிருந்து போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று: அங்கே லிஸ்ட்<டி> உள்ளடக்கத்தை ஒப்பிடாது, ஒரே எண்கள் வைத்த இரண்டு லிஸ்ட்டும் சமமில்லை.

19. பெட்டிக்குள்ள அதே பெட்டியையே போட்டா என்ன ஆகும்? சும்மா கேக்கிறேன்.

பெட்டி<ஆப்ஜெக்ட்> என்றால் கம்பைலர் தடுக்காது. தன்னோடு தன்னை ஒப்பிட்டால் ஈக்வல்ஸின் முதல் வரியே காப்பாற்றும். ஹேஷ்கோட் கேட்டால் அது உள்ளே இருப்பதன் ஹேஷைக் கேட்கும், உள்ளே இருப்பதும் அதுவே, ஸ்டாக்ஓவர்ஃப்ளோ எரர் வரும்வரை சுற்றும். இப்படித் தன்னைத் தானே விழுங்கிய இரண்டு பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டாலும் அதே கதிதான். ஜாவாவின் லிஸ்ட்டும் இதற்கு விலக்கில்லை. தன்னையே உறுப்பாக வைத்த லிஸ்ட்டுக்கு ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் ஒழுங்காக வரையறுக்கப்படவில்லை என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. டூஸ்ட்ரிங்குக்கு மட்டும் விசேஷ ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: அரேலிஸ்ட்டைத் தனக்குள்ளேயே போட்டுப் பிரிண்ட் செய்தால் "இதே கலெக்ஷன்" என்ற பொருளில் அடைப்புக்குறிக்குள் அச்சிட்டுவிட்டு நின்றுவிடும்.